42,000 கி.மீ. ஓடிய காருக்கு பிரேக் பேடு, டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். இவை உண்மையில் எவ்வளவு காலம் வரும்?

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேடு. பேடு மாற்ற வேண்டிய நேரமாக இருக்கலாம். ஆனால் டிஸ்கின் தடிமன் எவ்வளவு இருக்கிறது என்று கேட்காமல் சரி சொல்லிவிடாதீர்கள்.

ஊர் நெரிசலிலேயே ஓடும் காரில் முன்பக்கப் பேடு பொதுவாக 30,000 முதல் 50,000 கி.மீ. வரை வரும். பைபாஸ் ஓட்டம் அதிகமென்றால் 70,000 தாண்டியும் வருவதுண்டு. நானும் என் அண்ணனும் வைத்திருப்பது ஒரே மாடல் கார். நான் இருப்பது கோயம்புத்தூரில், அவர் இருப்பது குன்னூரில். தினமும் மலையில் ஏறி இறங்குவதால், அவர் பேடு மாற்றும் சமயத்தில் என்னுடையதில் பாதிகூடத் தேய்ந்திருக்காது. அதனால் கிலோமீட்டரை மட்டும் வைத்து யார் மாற்றச் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை. மில்லிமீட்டரில் அளவு சொல்லுங்கள் என்று கேட்பேன்.

புதுப் பேடில் உராயும் பகுதி 10 மி.மீ. அளவில் இருக்கும். பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டை இதில் சேர்க்கக் கூடாது. 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். 2 மி.மீ.க்குக் கீழே ஓட்டவே வேண்டாம். சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் வெளிப்பக்கப் பேடு மட்டும்தான் தெரியும். பேடுகளை டிஸ்கோடு அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசி (pin) இறுகிப் போயிருந்தால், வெளிப்பேடு நன்றாக இருக்கும்போதே உள்பேடு தேய்ந்து தீர்ந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றி இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்ப்பது உங்கள் உரிமை.

பல பேடுகளில் சின்ன இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கீச்சிடும். அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்து ஓட்டினால் அடுத்து வருவது கரகரவென்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம். டிஸ்கில் ஆழமாகக் கோடு விழுவதும், பேடோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க் வரை போவதும் இந்தக் கட்டத்தில்தான்.

பொதுவாக இரண்டு செட் பேடுக்காவது ஒரு டிஸ்க் தாங்கும். குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்பது பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். புதிய டிஸ்குக்கும் அந்த அளவுக்கும் பல கார்களில் 2 மி.மீ. சுமார்தான் வித்தியாசம். விளிம்பில் தேயாமல் மேடாக நிற்கும் பகுதியைத் தவிர்த்து, பேடு படும் இடத்தில் அளக்க வேண்டும். அளவு தாராளமாக இருந்து, கோடோ விரிசலோ இல்லையென்றால் டிஸ்கை மாற்றத் தேவையில்லை. மழைக்கு மறுநாள் தெரியும் மெல்லிய துரு நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விடும், அதைக் காட்டி யாரும் பயமுறுத்த விடாதீர்கள். வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிர்ந்தால், பெரும்பாலும் டிஸ்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை என்று அர்த்தம். லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாம். அதற்குப் பிறகும் குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்க வேண்டும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும், மலையில் அது ஆபத்து.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் பேடு சூடேறிப் பிடிப்பு குறையும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருந்தால் அது கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இரண்டாவது கியரில், தேவைப்பட்டால் முதல் கியரில், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்குங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பேடு தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் கொஞ்சம் இறங்கும். மட்டம் குறைந்தால் ஊற்றி நிரப்புவதற்கு முன்னால் பேடைப் பாருங்கள், கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின்சக்கரத்தில் டிஸ்குக்குப் பதிலாக டிரம் பிரேக் இருந்தால் கவலை குறைவு. பிரேக் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு என்பதால் பின்னால் டிரம்முக்குள் உரசிப் பிடிக்கும் ஷூ நீண்ட நாள் வரும்.

பேடு மாற்றினால் இடது வலது இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கலாம். அப்புறம், முதல் 200, 300 கி.மீ. வரை அவசரத்துக்குத் தவிர அழுத்திப் பிடிக்காதீர்கள். புதுப் பேடு டிஸ்கோடு பொருந்தி உட்கார அவ்வளவு ஓட்டமாவது வேண்டும்.