38 வயதில் ஆட்டிசம் என்று தெரியவருமா?

கேள்வி: எனக்கு வயது 38. தக்கலை அருகே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருக்கிறேன். சென்ற ஆண்டு என் மகனுக்கு ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். அப்போது மருத்துவர் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் என் சிறுவயதே நினைவுக்கு வந்தது. வடசேரியிலிருந்து புறப்படும் பேருந்துகளின் தட எண்களையும் நேரங்களையும் மனப்பாடமாகச் சொல்வேன். பள்ளியில் தோழி என்று யாரும் இல்லை. இன்றும் கல்யாண வீட்டுக்குப் போகும்முன் யாரிடம் என்ன கேட்பது என்று ஒரு தாளில் எழுதிப் படித்துக்கொள்கிறேன். மைக் செட் சத்தத்தில் சிறிது நேரம் இருந்தாலும் மறுநாள் எழுந்திருக்க முடிவதில்லை. உறவினர்கள் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சில இரவுகளில் வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது. இணையத்தில் 50 கேள்விகள் கொண்ட தேர்வில் அதிக மதிப்பெண் வந்தது. எனக்கும் ஆட்டிசமா? இனித் தெரிந்து என்ன பயன்? தன் வளர்ப்பில்தான் பிழையோ என்று அம்மா அழுகிறார்.

— வாசகி, தக்கலை

பதில்: நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்த இரவு நேர எண்ணத்தைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும். அந்த எண்ணம் மீண்டும் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் கணவரை எழுப்பிச் சொல்லுங்கள். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படுகின்றன. மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருப்பதால், ஆட்டிசமா இல்லையா என்பது முடிவாகும்வரை அந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்களுக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும் என்று நினைக்க நியாயமான காரணங்கள் உள்ளன. ஆனால் கடிதத்தை மட்டும் வைத்து உறுதி சொல்வது முறையாகாது. 2001இல் வெளியான அந்த 50 கேள்விகள், மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டுமா என்பதைக் காட்டுமே தவிர நோயறிதல் ஆகாது. கூட்டத்தைக் கண்டு அஞ்சும் சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்கும் அதில் மதிப்பெண் கூடலாம். மற்றவர்களோடு பேசிப் பழகுவதிலும் குறிப்புணர்வதிலும் உள்ள கடினம் ஒருபுறம், ஒரே ஒழுங்கைப் பற்றி நிற்பது, ஒரு பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றில் மிகுந்த கூர்மை ஆகியவை மறுபுறம் என இரண்டும் சேர்ந்து, சிறுவயதிலேயே தொடங்கி, அன்றாட வாழ்வைப் பாதித்தும் இருந்தால்தான் மருத்துவர் ஆட்டிசம் என்று முடிவு செய்வார்.

இத்தனை ஆண்டுகள் எப்படித் தெரியாமல் போயிற்று என்று நீங்கள் மனம் நோக வேண்டியதில்லை. மனநல மருத்துவர் லியோ கானர் 1943இலேயே ஆட்டிசத்தை விவரித்திருந்தாலும், நீங்கள் பள்ளி சென்ற காலத்தில் பேச்சு வராத குழந்தைகளிடம்தான் அதைத் தேடினார்கள். நம் நாட்டின் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில்கூட ஆட்டிசம் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம்தான் 21 வகைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. நன்றாகப் படித்து, அடக்கமாக ஒதுங்கியிருந்த ஒரு பெண் குழந்தையை அன்று ஆசிரியர்கள் பாராட்டியிருப்பார்களே அன்றி யாரும் ஐயுற்றிருக்க மாட்டார்கள். பிறர் நடப்பதைக் கவனித்து, மனப்பாடம் செய்து, அப்படியே நடந்து காட்டும் திறன் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதும் கண்டறிதல் தாமதமாக ஒரு காரணம். நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளும் அந்தத் தாள் அத்தகைய உழைப்புதான். மற்றவர்கள் எண்ணாமலே செய்வதை ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுச் செய்வதால் வரும் களைப்பே மறுநாள் உங்களைப் படுக்க வைக்கிறது என்று கருதுகிறேன். அதைத் திமிர் என்று சொல்வது பெரும் அநீதி.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல மருத்துவப் பிரிவில் தொடங்குங்கள். பெரியவர்களை மதிப்பிட்டுப் பழகிய மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பும்படி கேளுங்கள். பழைய மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள், அம்மாவையும் அவசியம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மூன்று, நான்கு வயதைப் பற்றி அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் வேறு யாருமில்லை. தாயின் வளர்ப்பால் ஆட்டிசம் வருகிறது என்ற பழைய கருத்து தவறென்று எப்போதோ நிறுவப்பட்டுவிட்டது. இதில் மரபணுக்களின் பங்கே பெரிது. அதை உங்கள் வாய்வழியாகக் கேட்பதைவிட மருத்துவர் சொல்லக் கேட்டால் அவருடைய அழுகை சற்றே அடங்கும்.

தெரிந்து என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் போய்த் திரும்பலாம், திருவிழா நாள்களில் காதடைப்பான் வைத்துக்கொள்ளலாம், அலுவலகத்தில் வேலைகளை எழுத்தில் தரும்படி கேட்கலாம்; எல்லாவற்றையும்விட, உங்கள் மகன் ஏன் காதைப் பொத்துகிறான் என்பதை அந்த வீட்டில் முதலில் புரிந்துகொள்பவர் நீங்களாகவே இருப்பீர்கள். யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. கணவரிடம் சொல்லிவிடுவது நல்லது. உறவினர்கள் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஆட்டிசத்தை அகற்றும் மருந்து எதுவும் கிடையாது. அதனுடன் வரும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கே சிகிச்சை. உங்களையோ மகனையோ முழுமையாகக் குணமாக்குவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். குறிப்பாக, ஆட்டிசத்துக்கு, மூல உயிரணுக்களை உடலில் செலுத்தும் ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே தெரிவித்திருக்கிறது.