மாடல் விமானத்தில் சின்னங்களைக் கையால் வரைவது: கேள்வி பதில்

சின்ன மாடல் விமானங்களில் வட்டச் சின்னம், பட்டை, எழுத்து இவற்றை டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) இல்லாமல் பிரஷ்ஷால் வரைவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கணக்கெல்லாம் பெரும்பாலும் 1/72 அளவுக்கு (நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்கு).

கே: டெக்கால் இருக்கும்போது கையால் எதற்கு வரைய வேண்டும்?

டெக்கால் நன்றாக இருந்தால் தாராளமாக அதையே ஒட்டுங்கள். பழைய கிட்டில் வருவது மஞ்சளடித்திருக்கும், தண்ணீரில் போட்டதும் நொறுங்கும். நீங்கள் செய்ய நினைக்கும் விமானத்தின் எழுத்துகள் அந்த ஷீட்டிலேயே இல்லாமலும் போகலாம். அப்போதுதான் பிரஷ் கைகொடுக்கும். பெயிண்டுக்கு ஓரத்தில் படலம் கிடையாது, அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும் தொல்லையும் இல்லை. மஞ்சளடித்தது மட்டும்தான் பிரச்சினை என்றால், ஷீட்டை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வையுங்கள். பெரும்பாலும் வெளுத்துவிடும்.

கே: 10/0 பிரஷ் (மிக மெல்லிய நம்பர்) வாங்கினேன். பெயிண்டைத் தொட்டு மாடலுக்குக் கொண்டு போவதற்குள் நுனியில் காய்ந்துவிடுகிறது. பெயிண்ட் மோசமா, நான் மோசமா?

இரண்டும் இல்லை, பிரஷ்தான் தப்பு. 10/0வில் கொஞ்சம் முடிதான் இருக்கும், பெயிண்டைப் பிடித்து வைக்க இடமே இல்லை. கோடு எவ்வளவு மெல்லிசாக வரும் என்பது நுனியைப் பொறுத்தது, பிரஷ்ஷின் பருமனைப் பொறுத்ததல்ல. நல்ல கூர்நுனியுள்ள சேபிள் முடி பிரஷ், 0 அல்லது 1 நம்பர் வாங்குங்கள். வயிற்றில் பெயிண்ட் நிற்கும், நுனி ஈரமாகவே இருக்கும். வேலை முடிந்ததும் கழுவி, நுனியைக் கூராக்கி, மூடி போட்டு வையுங்கள். அந்த பிரஷ்ஷால் பெயிண்டைக் கலக்கவே கூடாது. கலக்குவதற்குப் பல்குச்சி போதும்.

பெயிண்ட் பால் பதத்துக்கு இருக்கட்டும். ஒரே தடவையில் மறைக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். அக்ரிலிக் என்றால் ஒரு துளி ரிடார்டர் சேர்த்தால் காய்வது தாமதமாகும்.

கே: ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் போர் விமானம்) பக்கவாட்டு ரவுண்டலில் (வட்டச் சின்னம்) மஞ்சள், வெள்ளை வளையங்கள் ரொம்ப மெல்லிசு. எத்தனை தடவை வரைந்தாலும் ஓரிடத்தில் பருத்து, ஓரிடத்தில் இளைத்து வருகிறது.

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கேட்பது 1942ஆம் ஆண்டின் நடுவில் வந்த சி1 வகை ரவுண்டல். சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் வட்டங்களின் விட்டம் 3:4:8:9 என்ற விகிதத்தில் இருக்கும். ஸ்பிட்ஃபயரின் உடலில் அது 36 அங்குலம். 72ஆல் வகுத்தால் மொத்த விட்டம் 12.7 மி.மீ., நீலம் 11.3, வெள்ளை 5.6, சிவப்பு 4.2. வெள்ளை வளையமும் மஞ்சள் வளையமும் தலா 0.7 மி.மீ. அகலம்தான் வரும்.

அந்த 0.7 மி.மீ. வளையத்தை யாராலும் ஒரே இழுப்பில் சீராக வரைய முடியாது. வரையவும் வேண்டாம். முதலில் 13 மி.மீ.க்குச் சற்றுப் பெரிதாக ஒரு வெள்ளை வட்டம் பூசுங்கள், ஓரம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. காய்ந்ததும் வெளி ஓரத்தில் அகலமாக, 2 மி.மீ. இருந்தாலும் சரி, மஞ்சள் பூசுங்கள். அப்புறம் பென்சிலால் வட்டங்களை லேசாகக் குறித்துக்கொண்டு நீலத்தைப் போடுங்கள். நீலத்தின் வெளி ஓரம் மஞ்சளின் உள் விளிம்பைத் தீர்மானிக்கும், உள் ஓரம் வெள்ளையின் வெளி விளிம்பைத் தீர்மானிக்கும். நடுவில் சிவப்பு வந்ததும் வெள்ளை இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு மெல்லிய வளையமாக மிஞ்சும். கடைசியாக விமானத்தின் பச்சை, சாம்பல் நிறங்களை வெளியிலிருந்து கொண்டு வந்து மஞ்சளை இளைக்க வையுங்கள்.

ஆக, மெல்லிய வெளிர் கோடு எதையும் வரைவதில்லை, இரண்டு அடர் நிறங்களுக்கு நடுவே விட்டுவைக்கிறோம். அடர் நிறம் வெளிர் நிறத்தை ஒரே பூச்சில் மறைக்கும். தலைகீழாகப் போனால் நாலு பூச்சு கொடுத்தும் நீலம் எட்டிப் பார்க்கும். இதற்காக உடலுக்குப் பூசிய நிறத்தில் கொஞ்சம் ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவில் எடுத்து வையுங்கள். மறுபடி கலந்தால் அதே நிறம் வராது.

கே: சரி, அந்த வட்டத்தைக் குறிப்பது எப்படி? காம்பஸ் முள் பிளாஸ்டிக்கில் ஓட்டை போடுகிறது.

மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, டிவைடரின் ஒரு காலைக் கூர்தீட்டி, டேப்பிலேயே வட்டங்களை வெட்டிக்கொள்ளுங்கள். வட்டத்தை எடுத்துவிட்டு, ஓட்டையுள்ள பகுதியை மாடலில் ஒட்டி, உள்ளே பென்சிலால் ஓரம் வரைந்தால் போதும். டேப் வளைந்து கொடுக்கும் என்பதால் உருண்டையான உடலிலும் இது சரியாக வரும், உலோக வட்ட அச்சு அங்கே நிற்காது. பென்சிலை அழுத்தாதீர்கள். கிராஃபைட் வெள்ளையோடு கலந்தால் அழுக்குச் சாம்பலாகிவிடும்.

கே: எனாமலா, அக்ரிலிக்கா?

என் விருப்பம்: உடலுக்கு அக்ரிலிக், சின்னத்துக்கு எனாமல் (எண்ணெய் வகைப் பெயிண்ட்). காரணம் சோம்பேறித்தனம்தான். நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை வைட் ஸ்பிரிட் (எனாமலைக் கரைக்கும் திரவம்) ஒன்றும் செய்யாது. அதனால் எனாமலில் கை வழுக்கினால், வைட் ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் தவறிய இடத்தை மட்டும் இழுத்தெடுத்துவிடலாம், அடியில் உள்ள நிறம் அப்படியே இருக்கும். அக்ரிலிக் மேல் அக்ரிலிக் போட்டால் இந்த வசதி கிடையாது. ஆல்கஹால் கலந்த அக்ரிலிக்குகள், டமியா போன்றவை, பிரஷ்ஷுக்கு இன்னும் சிரமம். இரண்டாவது பூச்சு முதல் பூச்சைக் கரைத்துக் கிளப்பும். அக்ரிலிக்தான் வேண்டும் என்பவர்கள் வல்லெஹோ மாதிரி நீரில் கரைவதை எடுத்துக்கொள்ளலாம்.

எதுவானாலும் உடல் நிறத்தின் மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். மேட் பரப்பு சொரசொரப்பானது, பெயிண்ட் அதில் ஊறிப் பரவி ஓரம் பிசிறும்.

கே: டேப் ஒட்டித்தான் பட்டை போட்டேன். எடுத்துப் பார்த்தால் அடியில் கசிந்திருக்கிறது.

டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் அடி நிறத்தையே (அல்லது வார்னிஷை) ஒரு பூச்சு கொடுங்கள். கசிவதாக இருந்தால் அதுதான் கசியும், கண்ணுக்குத் தெரியாது. வழியும் அதோடு அடைந்துபோகும். அதன் பிறகு பட்டையின் நிறம். பேனல் கோடு (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளம்) குறுக்கே போகும் இடத்தில் டேப்பை நகத்தால் உள்ளே அழுத்துங்கள்.

1944 ஜூனில் நார்மண்டி தரையிறக்கத்துக்காகப் போட்ட கறுப்பு வெள்ளைப் பட்டைகளைத்தான் செய்கிறீர்கள் என்றால், ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குலம். இங்கே அது 6.35 மி.மீ. மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. மொத்தத்தையும் வெள்ளை பூசிவிட்டுக் கறுப்பை மட்டும் போடுங்கள். நிஜ விமானங்களிலேயே கடைசி நேரத்தில் அவசர அவசரமாகக் கையால் அடித்தார்கள். பல படங்களில் ஓரம் கோணலாகவே இருக்கிறது. ஆகவே படத்தைப் பாருங்கள், அதில் கோணல் இருந்தால் டேப்பே வேண்டாம்.

கே: பி-40இல் (அமெரிக்காவில் செய்த போர் விமானம்) சுறா வாய் வரைய ஆசை. பல் வரிசை வரவே மாட்டேன் என்கிறது.

பல்லை வரையாதீர்கள். வாய் முழுவதையும் வெள்ளை அடித்து, பல்லுக்கு இடையே சிவப்பை இறக்குங்கள். ரவுண்டல் கதையேதான். இடது வலது இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாறி மாறிச் செய்தால்தான் ஒத்து வரும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுநாள் மற்றது என்றால் இரண்டு வேறு சுறாக்கள் கிடைக்கும். யாருடைய விமானம் என்றும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். வட ஆப்பிரிக்காவில் பறந்த பிரிட்டனின் 112ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) பி-40இல் முதலில் போட்டது, அதைப் படத்தில் பார்த்துத்தான் ஃபிளையிங் டைகர்ஸ் (சீனாவுக்காகப் பறந்த அமெரிக்கத் தன்னார்வ விமானிகள்) எடுத்துக்கொண்டார்கள். இரண்டிலும் வாயின் வடிவம் வேறு.

கே: வால் பக்கம் வரும் சீரியல் எண்?

பிரிட்டிஷ் சீரியல் 8 அங்குல உயரம், இங்கே 2.8 மி.மீ. எழுத்தின் கோடு சுமார் 0.35 மி.மீ. தான். இங்கே பிரஷ்ஷை வைத்துவிட்டு 005 நம்பர் பிக்மென்ட் மைப் பேனாவை எடுக்கலாம், அதன் கோடு 0.2 மி.மீ. நடு எழுத்தில் தொடங்கி இரு பக்கமும் போங்கள், கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் நெருக்க வேண்டி வராது. முழுக் கறுப்பு வேண்டாம், அடர் சாம்பல் நிறம் கண்ணுக்கு இதமாக இருக்கும். பேனா மட்டும் மேட் பரப்பில்தான் நன்றாகப் பிடிக்கும்.

கே: 1/144இல் "இங்கே மிதிக்காதே" மாதிரி சின்ன எச்சரிக்கை வரிகளும் போட வேண்டுமா?

வேண்டாம். போட்டே ஆக வேண்டுமென்றால் விட்டு விட்டு ஒரு சாம்பல் கோடு. படிக்க முடிந்தால் அது அளவுக்கு மீறியது.

கே: கை நடுங்குகிறது.

நிறையப் பேருக்கு நடுங்கும். மாடலை ஒரு கட்டையில் பசைக்களிமண் வைத்து நிறுத்துங்கள், இரண்டு மணிக்கட்டும் மேசையிலோ ஒன்றோடொன்று முட்டியோ இருக்கட்டும், சுண்டுவிரலை மாடலில் ஊன்றுங்கள். மூச்சை வெளியே விட்டபடி கோட்டை இழுங்கள்.

கே: முடிந்ததும் வார்னிஷ் அடித்தேன், பேனா எழுத்து கரைந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

பிரஷ்ஷால் தேய்த்தால் சில மைகள் இழுபடும். இனி முதல் இரண்டு பூச்சைத் தூரத்திலிருந்து ஸ்பிரேயில் தூவலாகக் கொடுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அதே பேனாவையும் வார்னிஷையும் ஒரு பிளாஸ்டிக் துண்டில் முதலில் சோதியுங்கள். இப்போது கரைந்ததை அழிக்கப் பார்க்காதீர்கள், பரவும். நன்றாகக் காயவிட்டு, எடுத்து வைத்த உடல் நிறத்தால் மூடிவிட்டு, மறுபடி எழுதுங்கள். எனாமல் சின்னங்களுக்கு வார்னிஷ் அடிக்கும் முன் குறைந்தது இரண்டு நாள் விடுங்கள்.