யோகா செய்தால் இந்த எரிச்சல் அடங்குமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஒரு வருடமாக மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், பிறகு தனியாக உட்கார்ந்து அழுகிறேன். ராத்திரி வியர்த்துக் கொட்டி விழிப்பு வந்துவிடுகிறது. நாத்தனார் யோகா வகுப்பில் சேரச் சொல்கிறார். முட்டி வலி உள்ள என்னால் முடியுமா? பலன் இருக்குமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முட்டி வலிக்கு ஒரு நாற்காலி போதும். சம்மணம் போட வராது என்று பலர் வகுப்பு வாசலோடு திரும்பிவிடுவதால் இதை முதலில் சொல்கிறேன்.

நாத்தனார் சொன்னது பாதி சரி. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறையாது; திடீரென ஏறும், திடீரெனச் சரியும். தூக்கத்தையும் மனநிலையையும் அது ஆட்டிவைக்கும். உங்கள் குணம் கெட்டுவிடவில்லை அம்மா. படபடப்பு, மனச்சோர்வு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கு யோகா கைகொடுக்கும். ராத்திரி வியர்வை வேறு கதை. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை, அதற்கு யோகாவைப் பரிந்துரைக்கவில்லை. 'மூணு மாசத்துல எல்லாம் நின்னுடும்' என்று யாராவது பேக்கேஜ் விற்றால் பர்ஸைத் திறக்காதீர்கள். வியர்வைக்கு மகப்பேறு மருத்துவரிடம் வேறு சிகிச்சைகள் உண்டு.

நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்காருங்கள். மூச்சை இழுத்தபடி கைகளை மெதுவாக உயர்த்தி, விட்டபடி இறக்குங்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கைகளை மடியில் வைத்து, 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு, மொத்தம் 10 நிமிடம். மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது. இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொல்வது அதற்காகத்தான். ரத்த அழுத்தம் இருந்தால் மூச்சை அடக்க வேண்டாம். உதிரப்போக்கு அதிகமுள்ள நாட்களில், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் வேண்டாம். கோபம் தலைக்கேறிய பிறகு முதல்முறையாக முயன்றால் ஒன்றும் நடக்காது. அமைதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் அப்போது கைக்கு வரும்.

வீட்டு வேலை முடிந்ததும் செய்யலாம் என்று வைத்தால் அந்த நேரம் வரவே வராது. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், குக்கர் விசிலை வேறு யாராவது எண்ணட்டும். வகுப்புக்குப் போக முடிந்தால் இன்னும் நல்லது. இதே அவஸ்தையில் இருக்கும் நாலு பேரோடு பேசுவதே பாதி மருந்து.

அதற்குமுன் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையிலும் தைராய்டு கோளாறிலும் இதே சோர்வும் எரிச்சலும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை தொடர்ந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, யோகாவை நம்பிக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வெளியே சொல்லத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.