அக்டோபர் கடைசி ஞாயிறில் காணாமல் போகும் 4 அளவீடுகள்

வணக்கம் நண்பரே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து ஜெர்மன் மின்சார நிறுவனத்துக்கு எழுதும் நிரலில், அக்டோபர் கடைசி ஞாயிறு மட்டும் எம்எஸ்கான்ஸ் (MSCONS, மின் அளவீடுகளை அனுப்பும் மின்னணுச் செய்தி வடிவம்) செய்தியின் 100 கால்மணி அளவீடுகளில் 96தான் டேட்டாபேஸில் நிற்கிறது என்கிறீர்கள். செய்தி சரிதான், அனுப்பினவரைக் கேட்க வேண்டாம். அன்று அங்கே கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்கள், இரவு 2 முதல் 3 வரை இரண்டு தடவை வரும், நீங்கள் ஜெர்மன் உள்ளூர் நேரத்தையே ஒவ்வொரு பதிவுக்கும் அடையாளச் சாவியாக (key) வைத்திருப்பதால் இரண்டாவது மணி முதலாவதை அழித்துவிடுகிறது. அவர்களுடைய கோடை முழுக்க டர்பனும் பெர்லினும் ஒரே நேரம், அதனால் சோதனையிலும் மாட்டியிருக்காது.

செய்தியில் தேதி, நேரம் வரும் டிடிஎம் (DTM) பகுதியில் நேரத்துக்குப் பின்னால் ?+00 இருக்கும் பாருங்கள், அது யுடிசி (UTC), அதாவது கோடை, குளிர் என்று மாறாத உலகப் பொது நேரம். கூட்டல் குறியை, இந்தச் செய்தியில் தகவல்களைப் பிரிக்கும் பிரிப்பான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் கேள்விக்குறி. அதை வெட்டி எறியாமல் யுடிசியாகவே சேமியுங்கள். நாளின் தொடக்கத்துக்கு மட்டும் பெர்லின் நேரம்: கோடையில் யுடிசி 22:00, குளிர்காலத்தில் 23:00.

அப்புறம் மார்ச் கடைசி ஞாயிறையும் சோதியுங்கள், அன்று கடிகாரத்தை முன்னால் திருப்புவதால் ஒரு மணி குறைந்து 92தான் வரும், குறைகிறது என்று தள்ளிவிடாதீர்கள். மூலக் கோப்புகள் இருந்தால் பில் போவதற்குள் மறுபடி ஏற்றிவிடுங்கள், வாடிக்கையாளர் காசு அது.