மனநலப் பிரச்சினைதான் சிறார்களை மறுபடியும் குற்றத்துக்கு இழுக்கிறதா?

ஒருமுறை பிடிபட்ட பிள்ளைகள் திரும்பத் திரும்ப உள்ளே வருவதற்கு மனநோய்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி.

சிகாகோவில் குக் கவுண்டி சிறார் தடுப்பு மையத்துக்கு 1995 முதல் 1998 வரை கொண்டுவரப்பட்ட, 10 முதல் 18 வயது வரையிலான 1,829 பேரை மனநல ஆய்வாளர் லிண்டா டெப்ளினின் குழு நேர்காணல் செய்தது. பையன்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பெண்பிள்ளைகளில் நான்கில் மூன்று பங்குப் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. போதைக் கோளாறு மட்டுமே சுமார் பாதிப் பேருக்கு. படிக்கும்போதே மனசு கனத்துப்போகிறது.

ஆனால் மனச்சோர்வு இருப்பதாலேயே ஒரு பிள்ளை திரும்பவும் திருடப் போய்விடுவதில்லை. போதை, சின்ன வயதிலிருந்தே அடங்காத நடத்தை, அடி உதை நிறைந்த வீடு, சேரக்கூடாத சேர்க்கை, பாதியில் நின்ற படிப்பு என்று எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போதுதான் ஆபத்து கூடுகிறது. அதனால் பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பேசி அனுப்பினால் மட்டும் போதாது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உளவியலாளர் சார்லஸ் போர்டுயின் இதைச் சோதித்துப் பார்த்தார். 176 சிறார்களில் ஒரு பிரிவுக்குத் தனி ஆலோசனை. இன்னொரு பிரிவுக்கு வீட்டுக்கே போய் பெற்றோர், பள்ளி, நண்பர்கள் என எல்லோரையும் இணைத்துச் சிகிச்சை. 4 ஆண்டுகளில் மறுபடி கைதானவர்கள் முதல் பிரிவில் 71 சதவீதம், இரண்டாவதில் 26. அப்புறம் சுமார் 14 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் முதல் பிரிவில் 81 சதவீதம், இரண்டாவதில் 50 என்று அந்த வித்தியாசம் நின்றது.