எலிக்குச் சுருங்கினால் போதுமா? புராஸ்டேட் கேள்வி பதில்

மருந்தியல் விலங்காய்வுக் கூடத்திலேயே தலை நரைத்தவன் நான். ஆண்களின் சிறுநீர்ப்பைக்கு அடியிலுள்ள புராஸ்டேட் சுரப்பிக்கு வயதானால் வரும் வீக்கம் (புற்றுநோய் அல்ல), அதற்கான சோதனை மருந்துகள் பற்றிக் கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பாதீர்கள், நான் வைத்தியம் பார்ப்பவனில்லை.

கே: எலிக்கு எப்படி சார் வீங்க வைக்கிறார்கள்?

ப: டெஸ்டோஸ்டிரோன் புரொப்பியோனேட் என்ற ஆண் ஹார்மோனை எண்ணெயில் கரைத்துத் தோலுக்கடியில் தினமும் ஊசி, பெரும்பாலும் நாலு வாரம். பல ஆய்வுகளில் சோதனை மருந்தையும் அதே நாட்களில் வாய்வழியே புகட்டிவிடுவார்கள். அதாவது வீங்காமல் தடுத்ததைப் பார்க்கிறோம், வீங்கியதைக் குறைத்ததை அல்ல. ஒப்பிட ஒரு குழுவுக்கு ஃபினாஸ்டரைடு, இந்த வீக்கத்துக்கு மனிதருக்குத் தரும் மாத்திரை. முடிவில் அறுத்து எடை. சிறுநீர்ப்பைக்கு அடியில் இரண்டு பக்கமும் சின்னத் திண்டு மாதிரி இருக்கும், அதுதான் எலிப் புராஸ்டேட்டின் வயிற்றுப்புற மடல். ஒட்டிய கொழுப்பை உரிக்காவிட்டால் எடை ஏறும்; கத்தரி பட்டு நீர் கசிந்தால் இறங்கும். அவசரக்காரர் கையில் எத்தனை மருந்து இப்படிப் "பலித்ததோ"! இன்னொன்று, அந்த மடலுக்கு இணையானது வளர்ந்த மனிதனிடம் இல்லை.

கே: நெருஞ்சில் சாறு எலியில் வேலை செய்ததாம். அப்பாவுக்கு எவ்வளவு தரலாம்?

ப: எலி அளவை அப்பாவின் எடையால் பெருக்காதீர்கள். எலிக்குக் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கை ஏறக்குறைய 6.2ஆல் வகுப்பது வழக்கம். அதுவும் மனிதரிடம் முதல் பரிசோதனை தொடங்க; கஷாயம் காய்ச்ச அல்ல.

கே: எங்கள் வீட்டு நாய்க்கு ஒன்பது வயது. முக்குகிறது, மலம் வரவில்லை. புராஸ்டேட்டாக இருக்குமா அண்ணா?

ப: இருக்கலாம். நாய்க்குத் தானாகவே வீங்கும், ஆனால் வெளிப்பக்கமாக. அதனால் மூத்திரத்தைவிட மலக்குடல்தான் நெருக்கப்படும். விதைகளை அகற்றும் கருத்தடை செய்தால் சில வாரங்களில் சுருங்கும். கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கே: எடை குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே பொருள்? என் ஆய்வு வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறார்.

ப: வழிகாட்டியிடம் செட்ரோரெலிக்ஸ் பற்றிக் கேளுங்கள், இதே வீக்கத்துக்குச் சோதித்த மருந்து. 2009இல் மூன்றாம் கட்ட மனிதப் பரிசோதனையில், ஒப்பிடத் தரும் சத்தில்லாத வெற்று மருந்தைத் தாண்டவில்லை. வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் உபாதை குறைந்திருந்தது, இந்த நோயில் அது சகஜம். அதற்குப் பிறகு, 2011இல், அதே மருந்து எலியின் புராஸ்டேட்டைச் சுருக்கியது என்று கட்டுரை வந்தது. இரண்டும் உண்மைதான். இரவில் நாலு தரம் எழுந்து போகும் அவஸ்தையை எலியிடம் யார் விசாரித்தார்கள்?

கே (அதே மாணவர்): அப்படியானால் ஃபினாஸ்டரைடு? அது விலங்கிலிருந்து வந்ததுதானே?

ப: யோசனையின் முதல் பொறி மனிதரிடமிருந்து. டொமினிக்கன் குடியரசில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களைப் பற்றி 1974இல் எழுதினார்கள். அவர்களுக்குப் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. அந்த நொதியை அடக்கும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 1992இல் அனுமதி.

கே (விடமாட்டேன் என்கிறார்): நடுவில் எலி, நாய் இல்லாமலா அனுமதி கிடைத்தது?

ப: இல்லை. இந்தச் சுற்று உங்களுக்கு. எலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலியோடு நின்றுகொண்டு "மருந்து கண்டுபிடித்தாயிற்று" என்று எழுதாதீர்கள் என்கிறேன்.

கே: சா பால்மெட்டோ என்ற பனைவகைப் பழச் சாற்று மாத்திரை?

ப: 2006இல் 225 பேரிடம் ஓராண்டு பார்த்தார்கள், வெற்று மருந்தோடு வித்தியாசமில்லை. 2011இல் வழக்கமான அளவின் மும்மடங்கு வரை கொடுத்தும் அதே கதை.

கே: ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறேன். பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை எண்) நன்றாகக் குறைந்துவிட்டது, நிம்மதி.

ப: நிம்மதி வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் எடுத்தால் அந்த எண் பாதியாகும், மருத்துவர் இரட்டித்துத்தான் படிப்பார். மாத்திரை எடுப்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கே: நெருஞ்சில் பொடி காலையிலா, இரவிலா?

ப: மேலே.

கே: சார், மூக்கிரட்டை எலிக்கு...

ப: நெருஞ்சிலுக்குச் சொன்னதில் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். டீ ஆறுகிறது, கிளம்புகிறேன்.