ஊதா யானைக்கு ஓர் உருண்டை களி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். என் மகளுக்கு மூன்றரை வயது. வீட்டுக்காரர் விடியும் முன்பே தக்காளி மண்டிக்குக் கிளம்பிவிடுவார். மாமியார் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். சமையல் முடியும்வரை பாப்பாவுக்கு டிவியோ போனோதான் துணை. கலர் கலராகப் பொம்மைகள் வரும் நிகழ்ச்சி என்றால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நாளாக, ஊதா நிறத்தில் ஒரு யானை தன்னோடு இருப்பதாகச் சொல்கிறாள். அவள் பார்க்கிற எதிலும் அப்படி ஒரு யானை இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். களி கிண்டினால் அதற்கும் ஓர் உருண்டை வைக்கச் சொல்கிறாள். மாமியார் பயந்துபோய், "இல்லாததையெல்லாம் காட்டிக் காட்டிப் புள்ளையக் கெடுத்துட்ட" என்கிறார். என் அண்ணன், "பொம்மைப் படத்தை நிறுத்து. நிஜ மிருகங்களையும் ஏபிசிடி வீடியோவையும் மட்டும் காட்டு" என்கிறார். நான் யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகி, பாலக்கோடு

அன்புள்ள தங்கைக்கு,

யானையை விரட்ட வேண்டாம். அதற்கும் ஓர் உருண்டை வையுங்கள்.

இந்த வயதுப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத தோழனையோ தோழியையோ வைத்துக்கொள்வது நோயும் அல்ல, காற்று கருப்பும் அல்ல. அமெரிக்காவில் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஜரி டெய்லர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தவர். அவரும் அவருடைய குழுவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் சுமார் 65 சதவீதக் குழந்தைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இப்படி ஒரு கற்பனைத் துணை இருந்திருக்கிறது. அவர் சொல்லும் இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தத் தோழனைப் பற்றி ஆய்வாளர் மும்முரமாகக் கேள்வி கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும்போது, பல பிள்ளைகள் இடையில் நிறுத்தி, "இது சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று அவருக்கே விளக்கிச் சொல்வார்களாம். உங்கள் மகளுக்கும் தெரியும். யானைக்கு வைத்த களி அப்படியே இருப்பதைப் பார்த்து அவள் அழுததாக நீங்கள் எழுதவில்லையே!

அந்த யானை எந்த நிகழ்ச்சியிலும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்த்ததை அவள் அப்படியே திருப்பிச் சொல்லவில்லை, தானாக ஒன்றை உண்டாக்கியிருக்கிறாள்.

உங்கள் அண்ணன் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கெட்டிக்காரர்கள் பலர் அவரைப் போலவே நினைத்திருக்கிறார்கள். 1969 நவம்பர் 10 அன்று அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' ஒளிபரப்பாகத் தொடங்கியது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக, ஆராய்ச்சியாளர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்த நிகழ்ச்சி. நிஜ மனிதர்கள் வாழும் தெருவையும் பொம்மைகள் வரும் காட்சியையும் கலக்கக் கூடாது, கலந்தால் குழந்தை குழம்பிவிடும் என்று உளவியல் நிபுணர்கள் முதலில் எச்சரித்தார்கள். அதன்படியே தனித்தனியாக எடுத்து, அந்த ஆண்டு ஜூலையில் பிலடெல்பியாவில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். பொம்மைகள் வரும்போது ஒட்டிக்கொண்டு பார்த்த பிள்ளைகள், தெருவில் பெரியவர்கள் மட்டும் நின்று பேசிய இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தயாரிப்பாளர்கள் நிபுணர் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு, பொம்மைகளைத் தெருவுக்கே குடியேற்றினார்கள். எட்டடி இரண்டு அங்குல உயரத்தில் மஞ்சள் இறகோடு பிக் பேர்ட் வந்தது அப்படித்தான். குப்பைத் தொட்டிக்குள் குடியிருக்கும் ஆஸ்கரும் அப்படியே வந்தான்.

அந்த மஞ்சள் பறவையைக் கொஞ்சம் கவனியுங்கள். தெருவிலேயே பெரிய உருவம் அதுதான், ஆனால் விவரம் பத்தாது. ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் சேர்த்து ஒரே நீளமான சொல் என்று நினைத்துப் பாடிக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கும் நாலு வயதுப் பிள்ளைக்குத் தான் அதைவிடக் கெட்டி என்று ஒரு பெருமை வரும். வீட்டில் எல்லாரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள். பிள்ளை சொல்லிக்கொடுக்கக் கிடைத்த ஒரே ஆள் இந்தப் பறவை.

அங்கே ஹூப்பர் என்று ஒரு கடைக்காரர் பாத்திரம். அந்த வேடத்தில் நடித்துவந்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம், ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பான பகுதியில் பிக் பேர்ட் எல்லாரையும் படம் வரைந்து கொண்டுவந்து கொடுக்கிறது. ஹூப்பர் எங்கே, அவர் படத்தை அவரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறது. அவர் இறந்துவிட்டார், இனித் திரும்பி வரமாட்டார் என்று பெரியவர்கள் தொண்டை அடைக்கச் சொல்கிறார்கள். பறவைக்குப் புரியவில்லை, கோபம் வருகிறது, ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. நம் வீடுகளில் தாத்தா இறந்தால் "சாமிகிட்டப் போயிட்டாரு, வந்துடுவாரு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுகிறோம். சாவைப் பற்றி ஒரு பிள்ளைக்கு உண்மையைச் சொல்ல அன்று அங்கே ஓர் இறகுப் பொம்மை தேவைப்பட்டது. கற்பனை உருவம் என்றாலே பொய் என்கிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர் சிறுமியாக இருந்தபோது திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருப்பார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாரதக் கூத்து பார்க்காமல் வளர்ந்தவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் சலங்கைச் சத்தம் மட்டும் கேட்கும். கட்டியங்காரன் முன்னால் வந்து, வந்திருப்பது யார், எந்த தேசம், பேர் என்ன என்று விசாரிப்பான். கேட்டுவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்ப்பான். பாயில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பொடிசுகளுக்கு விடை தெரியும், கத்துவார்கள். அப்புறம்தான் திரை விலகும். சிவந்த முகமும், கட்டைக் கிரீடமும், தோளில் புஜகீர்த்தியுமாகத் துரியோதனன் நிற்பான். நிஜத்தில் அப்படி ஒரு மனிதன் எங்கே இருக்கிறான்? கடைசி நாள் படுகளத்தில், அதாவது அவன் விழுந்து சாகும் காட்சியில், மண்ணால் பெரிதாக அவனைக் கிடத்தியிருப்பதையும் மாமியார் பார்த்திருப்பார். அதனால் அவர் கெட்டுப்போகவில்லை. யாருடைய மடியிலாவது உட்கார்ந்து பார்த்திருப்பார், பயந்தபோது யாராவது அணைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் கூத்தைப் பேசுவது பழம்பெருமைக்காக இல்லை. கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறானே கட்டியங்காரன், அந்தக் கணம்தான் எனக்கு முக்கியம். சின்னப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான். நிகழ்ச்சி பிள்ளைக்காகக் காத்திருக்கிறதா?

1996இல் அமெரிக்காவில் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. நீல நிற நாய்க்குட்டி ஒன்று துப்பு விட்டுவிட்டுப் போகும், ஓர் இளைஞன் அதைத் தேடுவான். தேடுகிறவன் நேராகத் திரையைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்பான். நமக்கு அது சங்கடமான மௌனமாகத் தோன்றும். மூன்று வயதுப் பிள்ளை யோசித்து வாயைத் திறக்க அவ்வளவு நேரம் வேண்டும். இன்னொரு காரியமும் செய்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒரே பகுதியையே திரும்பப் போட்டார்கள். பெரியவர்களுக்கு அலுப்பு. பிள்ளைகளோ நாளுக்கு நாள் அதிகமாகப் பதில் சொன்னார்கள், வாரக் கடைசியில் விடையைத் தாங்களே முந்திக்கொண்டு கத்தினார்கள்.

அடுத்த ஆண்டு, 1997இல், பிபிசியில் 'டெலிடப்பீஸ்' தொடங்கியபோது இங்கிலாந்தில் பெரிய கண்டனம். ஊதா, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாலு குண்டு உருவங்கள், சூரியனுக்குள் ஒரு குழந்தை முகம், மழலைப் பேச்சு. இது பிள்ளைகளின் மொழியைக் கெடுக்கும் என்றார்கள். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஆண்ட்ரூ டேவன்போர்ட் பேச்சு அறிவியல் படித்தவர். நிஜப் பிள்ளைகள் வரும் சிறு படம் ஒன்று அந்த உருவங்களின் வயிற்றில் தெரியும். முடிந்ததும் "மறுபடியும், மறுபடியும்" என்று குதிப்பார்கள், அதே படம் முழுதாக இன்னொரு முறை ஓடும். ஒரே கதையை நூறு முறை சொல்லச் சொல்லும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் எவருக்கும் அதன் நியாயம் புரியும்.

நம் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்தது. சுட்டி டிவியில் டோராவும் புஜ்ஜியும் தமிழ் பேசினார்கள். குள்ளநரி திருட வரும்போது டிவிக்கு முன்னால் உட்கார்ந்து "குள்ளநரி திருடக் கூடாது" என்று கத்திய பிள்ளைகள் இன்று கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறார்கள். கத்தினால்தான் நரி போகும் என்று அவர்கள் நம்பினார்கள், அல்லது நம்புவதாக விளையாடினார்கள். பேசாமல் உட்கார்ந்து பார்த்திருந்தால் இத்தனை வருடம் அது ஞாபகத்தில் இருக்காது.

உங்கள் அண்ணன் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2011இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வேகமான கற்பனைக் கார்ட்டூனை ஒன்பது நிமிடம் பார்த்தது. இன்னொன்று நிதானமாக ஓடும் கார்ட்டூனைப் பார்த்தது. மூன்றாவது பிரிவு கிரேயான் வைத்துப் படம் வரைந்தது. உடனே சோதித்தபோது முதல் பிரிவுப் பிள்ளைகளுக்குச் சொன்னதை நினைவில் வைத்துச் செய்வதும், ஆசைப்பட்டதை எடுக்காமல் பொறுத்திருப்பதும் மற்றவர்களைவிடக் கடினமாக இருந்தது. பின்னால் நடத்திய சோதனைகளில் வேகத்தைவிட, நடக்கவே முடியாத காரியங்கள் அடுக்கடுக்காக வருவதற்குத்தான் இதில் அதிகப் பங்கு என்று கண்டார்கள். ஆகவே கற்பனை என்று பேர் வைத்துவிட்டால் எல்லாம் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பறவை பேசுவதை ஏற்றுக்கொண்டு, அதன் பிறகு அதன் துக்கத்தையும் சந்தேகத்தையும் கூடவே நடந்து பார்ப்பது ஒன்று. நொடிக்கொரு முறை மரம் வெடித்து, கார் பறந்து, தலை தனியாகக் கழன்று ஓடுவது வேறு.

ஆனாலும் அண்ணன் சொல்லும் ஏபிசிடி வீடியோக்களை நான் ஒப்புக்கொள்ளவில்லை. போனில் வரும் பல ரைம்ஸ் வீடியோக்களை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூச்சு விடாமல் ஓடுகின்றன. கேள்வியும் கிடையாது, இடைவெளியும் கிடையாது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக வந்துவிடுகிறது. பிள்ளை 'ஆப்பிள்' என்று சொல்லக் கற்றுக்கொள்ளும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. நிஜ யானையைக் காட்டும் வீடியோ நல்லதுதான், தேன்கனிக்கோட்டைக் காட்டு யானைகளை அவள் பார்க்கட்டும். ஆனால் அதையும் யாராவது பக்கத்தில் இருந்து "அது எங்க போகுது?" என்று கேட்டால்தான் அவள் பேசுவாள்.

நேரக் கணக்கு எளியது. இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் வழிகாட்டியிருக்கிறது. முடிந்தவரை போனை எடுத்துவிட்டு டிவியைப் போடுங்கள். டிவி ஓர் இடத்தில் நிற்கும், சமையற்கட்டிலிருந்தே என்ன ஓடுகிறது என்று உங்கள் காதில் விழும். போன்தான் என்றால், அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். அடுப்பில் கை இருக்கும்போது உங்களால் உட்கார முடியாது, அதற்காக உங்களைக் குற்றம் சொல்பவர்கள் ஒருநாள் வந்து களி கிண்டிப் பார்க்கட்டும். சாப்பிடும்போது மட்டும், இன்றைக்கு அந்தப் பொம்மை என்ன செய்தது, ஏன் அழுதது என்று கேளுங்கள். மாமியார் மாட்டைப் பிடித்துக்கொண்டு போகும்போது பாப்பாவையும் யானையையும் கூட்டிப்போகட்டும். படுகளத்துக் கதையை அவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு ஆதங்கத்தையும் எழுதிவிடுகிறேன். 'செசமி ஸ்ட்ரீட்' 2006இல் இந்தியாவுக்கு 'கலி கலி சிம் சிம்' என்று இந்தியில் வந்தபோது பள்ளிச் சீருடை போட்ட சம்கி என்ற சிறுமியையும் பூம்பா என்ற சிங்கத்தையும் புதிதாக உண்டாக்கினார்கள். இங்கே உள்ள பிள்ளைக்கு இங்கே உள்ள முகம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழில் இத்தனை சேனல் இருந்தும், மூன்று வயதுப் பிள்ளைக்கென்று அந்த அக்கறையோடு இங்கேயே பிறந்த ஓர் உருவம் என் கண்ணில் படவில்லை. வீட்டில் தெலுங்கு, அங்கன்வாடியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று மூன்று மொழியையும் காதில் வாங்கி வளரும் பிள்ளைகள் ஓசூரிலும் தளியிலும் இருக்கிறார்கள். மாந்தோப்பும் கேஆர்பி அணையும் ஒகேனக்கல் பரிசலும் அவர்களுக்கு அன்றாடம். அந்த உலகத்துக்குள் நடமாட, விவரம் பத்தாத, கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாக நிற்கிற ஒரு ஜீவன் போதும். கூத்து வேஷம் கட்டத் தெரிந்தவர்களும் பொம்மை செய்யத் தெரிந்தவர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் போய்க் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் மகளிடம் அந்த யானைக்குப் பேர் என்ன, அதற்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அவள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா